கண்கட்டோடு திரும்பி வந்த அரசர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதக் கட்டுரையில் செர்பிய அரசர் ஸ்டெஃபான் டெச்சான்ஸ்கியைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். ‘தந்தை கண்ணைப் பறித்தார், மகன் உயிரைப் பறித்தார்.’ அந்த வரியை என்னால் கடக்க முடியவில்லை.

நான் இருபது வருடங்களாகக் கண் மருத்துவமனையில் செவிலியர். தேடிப் படித்ததில் அவருக்குப் பார்வை திரும்பி வந்ததாகவும், அதை மறைத்துக் கண்ணில் துணி கட்டிக்கொண்டே இருந்ததாகவும் தெரிந்தது. இது நடக்கக்கூடியதா? கட்டவிழ்க்கும் நாளில் எங்கள் நோயாளிகள் டாக்டரைப் பார்ப்பதில்லை. கதவோரம் நிற்கும் மகனையோ மகளையோதான் தேடுவார்கள். பார்வை வந்த பிறகும் ஒருவரால் எப்படி மறைக்க முடியும்? அப்புறம், அவர் மகனே எப்படி அதைச் செய்தார்? அது எப்படிப்பட்ட குடும்பம்?

எஸ்., கோயம்புத்தூர்

*

அன்புள்ள எஸ்.,

ஒரு வரியில் முடித்தது என் தவறுதான். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வரி எனக்கே குத்துகிறது.

முதலில் கண். அக்கால பைசாந்தியத்திலும், அதாவது கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசிலும், அதன் அண்டை நாடுகளிலும் கண்ணைப் பறிப்பது ஓர் அரசியல் தண்டனை. உடலில் ஊனம் உள்ளவர் அரியணை ஏற முடியாது என்பது வழக்கம். அதனால் போட்டியாளரைக் கொல்லாமலே அப்புறப்படுத்த அது ஒரு வழி. கொடுமை என்னவென்றால், அதைக் கருணை என்றே கணக்கில் வைத்தார்கள். எல்லா முறையும் கண்ணை முழுதாகக் குத்தி எடுப்பதில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கண்ணருகே கொண்டுபோவதும் உண்டு. 1314இல் ஸ்டெஃபானுக்கு அந்தத் தண்டனை முழுமையாக நிறைவேறவில்லை என்றுதான் வரலாற்றாய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். இரும்பைப் பிடித்திருந்தவனின் கை தயங்கியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அப்படி நினைக்கவே விரும்புகிறேன்.

திருச்சபை மரபு சொல்வது வேறு. தண்டனை முடிந்து அவரைக் கொண்டுபோகும் வழியில், ஓவ்சே போலே என்ற இடத்தில் புனித நிக்கோலாஸ் கனவில் வந்தாராம். விரித்த உள்ளங்கையில் இரண்டு கண்கள். பயப்படாதே, உன் கண்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன என்றாராம். கான்ஸ்டான்டிநோபிளில் பாண்டோக்ரேட்டர் மடத்தில் கைதியாக இருந்த ஐந்தாம் ஆண்டில் அவரே மறுபடி வந்து பார்வையைத் திருப்பித் தந்தார் என்று கதை போகிறது. உங்கள் தொழிலுக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அந்த மடத்தோடு ஒரு மருத்துவமனையும் இருந்தது. 1136ஆம் ஆண்டு சாசனப்படி 50 படுக்கைகள். அவற்றில் 8 கண்நோய்க்காரர்களுக்கும் குடல்நோய்க்காரர்களுக்கும். ஸ்டெஃபான் அங்கே போவதற்கு ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முந்தைய ஏற்பாடு அது. அதனால்தான் குணமானார் என்று சொல்ல வரவில்லை. அவர் நடந்த தாழ்வாரங்களில் ஒருகாலத்தில் உங்களைப் போன்றவர்கள் நடந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி அந்தத் துணி. காந்தாரி கட்டியது கணவனுக்காக. இவர் கட்டியது உயிருக்காக. பார்வை உண்டு என்று தெரிந்தால் அவர் மறுபடி போட்டியாளராகிவிடுவார், அடுத்த முறை இரும்பு தயங்காது. 1320 வாக்கில் தந்தை மன்னித்து நாட்டுக்கு வரச் சொன்னபோதும் கண்கட்டோடுதான் வந்தார். தன்னைப் பெற்றவர் முன்னால் குருடராக நின்றார். 1321 அக்டோபர் 29 அன்று தந்தை இறந்த பிறகுதான் கட்டை அவிழ்த்தார். 1322 ஜனவரி 6இல் முடிசூட்டிக்கொண்டார். மக்கள் அதை அற்புதம் என்று கொண்டாடினார்கள்.

நீங்கள் சொன்ன கதவோரத்து மகன் இங்கேயும் இருக்கிறான். ஸ்டெஃபானை நாடு கடத்தியபோது பிள்ளைகளும் கூடவே போனார்கள். மூத்தவன் துஷானுக்கு அப்போது ஆறு வயது இருக்கும். அப்பாவின் கையைப் பிடித்து மடத்து முற்றத்தில் நடத்திக்கொண்டு போகிற வயது. அப்பாவுக்குப் பார்வை திரும்பியது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால், பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் அரண்மனை ரகசியம் ஒன்றை நெஞ்சில் சுமந்திருக்கிறான். தெரியாமல் இருந்திருந்தால், அப்பா தன்னிடமும் நடித்தார் என்று பின்னால் ஒருநாள் அறிந்திருக்கிறான். இரண்டில் எது என்று எந்த ஏட்டிலும் நான் படித்ததில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது.

குடும்பத்தைக் கேட்டீர்கள். நெமானிச் என்பது வம்சத்தின் பெயர். ஸ்டெஃபானின் தாத்தா முதலாம் உரோஷை 1276இல் அரியணையிலிருந்து இறக்கியவர் சொந்த மகன் டிராகுட்டின். குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்த டிராகுட்டின் 1282இல் தம்பி மிலுத்தினுக்கு முடியைக் கொடுத்தார். உனக்குப் பிறகு என் மகனுக்கு என்று பேச்சு. பேச்சு நிற்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஆண்டுக்கணக்கில் போரிட்டார்கள். அந்த மிலுத்தின்தான் நம் ஸ்டெஃபானின் தந்தை. ஸ்டெஃபானைச் சிறுவயதிலேயே நோகாய் என்ற தாத்தாரியத் தலைவனிடம் பிணையாக அனுப்பியவரும் அவரே. வயது வந்ததும் கடலோர மாநிலமான ஸேட்டாவை ஆளக் கொடுத்தார். அங்கேயிருந்துதான், பிரபுக்கள் தூண்ட, 1314இல் மகன் கலகம் செய்தார், தோற்றார், தந்தையிடம் மன்னிப்புக் கேட்டுச் சரணடைந்தார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

மிலுத்தின் ஏறக்குறைய நாற்பது கோயில்களைக் கட்டியவர் என்று போற்றப்படுகிறார். அதே மிலுத்தின் 1299இல் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஆண்ட்ரோனிகோஸின் மகள் சிமோனிடாவை மணந்தார். அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். அவளுக்கு ஐந்து. சமாதான உடன்படிக்கைக்கு முத்திரை போல அந்தக் குழந்தையைக் கொடுத்தார்கள். 1317இல் தாயின் இறுதிச் சடங்குக்குப் போனவள் கன்னியாஸ்திரீ உடையை உடுத்திக்கொண்டு திரும்ப மறுத்தாள். வேறு தாய்க்குப் பிறந்த அண்ணனே அதைக் களையச் செய்து கணவனிடம் அனுப்பிவைத்தான். மிலுத்தின் செத்த பிறகுதான் அவளுக்குத் துறவு கிடைத்தது. கிராச்சனிட்சா கோயிலில் அவளுடைய சுவரோவியம் இருக்கிறது. கிரீடம், மணிகள் தைத்த உடை எல்லாம் பளிச்சென்று இருக்க, கண்கள் இருந்த இடம் மட்டும் யாரோ சுரண்டியெடுத்து வெறும் சுண்ணாம்பாக இருக்கும். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மிலுத்தின் மேல் கோபம் வரும். அவர் கட்டிய கோயில்கள் அந்தக் கோபத்தைக் குறைப்பதில்லை.

ஸ்டெஃபானும் அப்பழுக்கற்றவர் அல்லர். அரியணைக்குப் போட்டியாக வந்த கான்ஸ்டண்டைன், மிலுத்தினின் இன்னொரு மகன், போரில் தோற்று உயிரிழந்தான். முதல் மனைவி தியோடோரா இறந்ததும், வயதில் மிக இளைய பைசாந்தியப் பெண் மரியாவை மணந்தார். சிமோனிடாவின் கதையை அருகிலிருந்து பார்த்தவர் அதைச் செய்தார் என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. மரியாவுக்கும் ஒரு மகன் பிறந்தான். முடி அந்தப் பக்கம் போய்விடுமோ என்ற அச்சம் துஷானைச் சுற்றியிருந்தவர்களிடம் வளர்ந்தது.

1330 ஜூலை 28இல் வெல்புஷ்த் போர். இன்றைய பல்கேரியாவின் கியூஸ்டெண்டில். எதிரி, பல்கேரிய அரசர் மிஹாயில் ஷிஷ்மான். ஸ்டெஃபானின் சகோதரி அன்னாவை மணந்து பிறகு ஒதுக்கிவைத்தவர். அந்தப் போரில் செர்பியா பெரும் வெற்றி பெற்றது, ஷிஷ்மான் மடிந்தார். குதிரைப்படையோடு துஷான் முன்னணியில் நின்று பெயரெடுத்தார். வென்ற கையோடு பைசாந்தியம் மீதும் பாய வேண்டும் என்பது இளம் பிரபுக்களின் ஆசை. ஸ்டெஃபான் சகோதரியையும் அவள் மகனையும் பல்கேரிய அரியணையில் அமர்த்திவிட்டுத் திரும்பிவிட்டார். நிலமும் கொள்ளையும் எதிர்பார்த்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை.

அடுத்த ஆண்டு துஷான் ஸேட்டாவிலிருந்து கிளம்பினார். அப்பா கிளம்பிய அதே இடம். நெரோடிம்லியே அரண்மனை வீழ்ந்தது. வேறொரு கோட்டைக்கு ஓடிய ஸ்டெஃபான் பிடிபட்டு ஸ்வெச்சான் கோட்டையில் அடைக்கப்பட்டார். செப்டம்பர் 8இல் மகன் முடிசூடினார். நவம்பர் 11இல் தந்தை சிறையில் இறந்தார்; கழுத்து நெரித்து என்கிறது மரபு. மகன் கட்டளையிட்டாரா, பிரபுக்கள் நெருக்கியதால் சும்மா இருந்தாரா என்பதில் பழைய ஏடுகளே ஒத்துப்போவதில்லை. சும்மா இருந்திருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு தோற்ற கலகக்காரன் சரணடைந்தால் என்ன கிடைக்கும் என்று தன் ஆறாவது வயதில் அவர் தந்தையின் முகத்திலேயே பார்த்தவர். தோற்கக் கூடாது, உயிரோடும் விடக் கூடாது என்று அந்த முகம்தான் கற்பித்திருக்கும் என்று நினைக்கையில் மனம் கனக்கிறது. துஷான் 1346இல் பேரரசராகி, ‘வல்லமையாளர்’ என்று பெயர் பெற்றார். அவர் மகன் 1371இல் வாரிசில்லாமல் இறந்ததோடு செர்பியாவில் வம்சத்தின் ஆட்சி முடிந்தது. தந்தையைப் புனிதர் என்று ஏற்ற திருச்சபை, துஷானை இன்றுவரை ஏற்கவில்லை.

படித்தவற்றில் என்னை மிகவும் அசைத்தது டெச்சானி. கொசோவோவில், மலையடிவாரத்தில், வெள்ளையும் செம்மையுமான பளிங்கு வரிசைகளால் ஸ்டெஃபான் கட்டத் தொடங்கிய கோயில். அவருடைய அடைமொழியே அதிலிருந்து வந்ததுதான். கோயிலுக்கு அவர் வைத்த பெயர் பாண்டோக்ரேட்டர். தனக்குக் கண் திரும்பிய மடத்தின் அதே பெயர். கட்டி முடிவதைப் பார்க்க அவர் இல்லை. மிச்சத்தை முடித்தவர் துஷான். அப்பாவின் உடலையும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். உள்ளே ஒரு சுவரில் வம்சத்தையே திராட்சைக் கொடியாக எழுதியிருக்கிறார்கள். அடியில் முன்னோர் நெமானியா, உச்சியில் துஷான், நடுவே அவரவர் கொடி வளையத்தில் தந்தையரும் மக்களும். இன்னொரு சுவரில் ஸ்டெஃபானும் துஷானும் சேர்ந்து கோயிலை இறைவனுக்குக் காணிக்கையாக நீட்டுகிறார்கள்.

தெற்கு வாசலுக்கு மேலே கட்டியவரின் கல்வெட்டு இருக்கிறது. கோட்டோர் நகரத்துத் துறவி வீட்டா, அரசர் மூன்றாம் ஸ்டெஃபான் உரோஷுக்காகவும் அவருடைய மகன், ஒளிமிக்க, மிகப் பெரிய, புகழ்மிக்க அரசர் ஸ்டெஃபானுக்காகவும் இதைக் கட்டினேன் என்கிறார். முதலாமவர் நம் ஸ்டெஃபான், இரண்டாமவர் துஷான். எட்டு ஆண்டுகளில் கட்டி 1335இல் முடிந்ததாம். முதலில் வரும் பெயருக்குரியவர் செத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்வெட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அன்புடன்.