ஒரு செல் உயிரிகளின் உள் சட்டகம்: கேள்வி-பதில்

கேள்வி: பாக்டீரியாவுக்குச் செல் சட்டகம் (செல்லுக்குள் அதன் வடிவத்தைத் தாங்கும் புரத இழைகளின் அமைப்பு) கிடையாது என்று படித்திருக்கிறோம். இன்றும் அது சரியா?

பதில்: சரியல்ல. ஈ.கோலை பாக்டீரியா இரண்டாகப் பிளவுறும் இடத்தில் எஃப்டிஎஸ்இசட் என்ற புரதம் வளையமாகத் திரள்வது 1991இல் கண்டறியப்பட்டபோதே அந்தக் கருத்து ஆட்டம் காணத் தொடங்கிவிட்டது. எம்ஆர்இபி என்ற இன்னொரு புரதம், செல்சுவர் எங்கே கட்டப்பட வேண்டும் என்பதை நெறிப்படுத்துகிறது. ஈ.கோலையில் அதைச் செயலிழக்கச் செய்தால், கோல் வடிவம் குலைந்து செல் உருண்டையாகிவிடும்.

கேள்வி: இவ்விரு புரதங்களும் நம் செல்களின் சட்டகத்தை அமைக்கும் டியூபுலின், ஆக்டின் என்ற புரதங்களுக்கு உறவு என்பதற்கு என்ன ஆதாரம்?

பதில்: அமினோ அமில வரிசையை மட்டும் பார்த்தால் ஒற்றுமை மிகச் சொற்பம். ஆனால் எஃப்டிஎஸ்இசட், டியூபுலின் இரண்டின் முப்பரிமாண அமைப்பும் 1998இல் வெளியானபோது, இரண்டும் ஒரே விதமாக மடிந்திருப்பதும் ஜிடிபி (GTP) என்ற ஆற்றல் தரும் சிறு மூலக்கூறை ஒரே பாங்கில் பிணைப்பதும் தெளிவாயின. எம்ஆர்இபிக்கும் ஆக்டினுக்கும் உள்ள உறவு 2001இல் அவ்வாறே உறுதிப்பட்டது. இதைவிட வியப்பானது, வேலைகள் கைமாறியிருப்பதுதான் என்பேன். பாக்டீரியாவில் பிளவு வளையத்தை அமைப்பது டியூபுலினின் உறவுப் புரதம். ஈஸ்ட் செல்லிலோ அந்த வளையம் ஆக்டினால் ஆனது. ஈஸ்டில் குரோமோசோம்களைப் பிரிப்பவை டியூபுலின் நுண்குழல்கள். பாக்டீரியாவிலோ, ஆர்1 என்ற பிளாஸ்மிட்டின் (குரோமோசோமிலிருந்து தனித்திருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தின்) நகல்களை எதிரெதிர் முனைகளுக்குத் தள்ளும் பார்எம் என்ற புரதம் ஆக்டினின் உறவு. மடிப்பு மாறாமல் நிலைத்திருக்க, பணி மட்டும் மாறியிருக்கிறது.

கேள்வி: டியூபுலின் நுண்குழல்களாலான கசையிழை (செல் நீந்த உதவும் வால் போன்ற இழை) அறுந்தால் மீண்டும் வளருமா?

பதில்: வளரும். கிளாமிடோமோனாஸ் என்ற பசும்பாசியின் இரு கசையிழைகளும் சுமார் 10 முதல் 12 மைக்ரோமீட்டர் நீளமுள்ளவை. ஒன்றை மட்டும் அறுத்துவிட்டு நுண்ணோக்கியில் கவனித்தால், அறுபடாத இழை முதலில் குறுகத் தொடங்குகிறது. அறுபட்டது வளர்ந்து இரண்டும் சம நீளத்தை எட்டிய பின்னர், இரண்டும் சேர்ந்தே பழைய நீளத்துக்கு வளர்கின்றன. புதிய டியூபுலின் இழையின் அடியில் அல்ல, நுனியில்தான் சேர்கிறது. எனவே செல்லுடலில் உருவாகும் புரதம் இழையின் முழு நீளத்தையும் கடந்து சென்றாக வேண்டும். இவ்வளவு நுட்பமான நீளக் கட்டுப்பாடு ஒரே செல்லுக்குள் நடப்பது எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

கேள்வி: நம் வகைச் செல்களின் ஆக்டின் எங்கிருந்து வந்தது?

பதில்: இப்போதைக்கு வலுவான சான்றுகள் ஆஸ்கார்ட் ஆர்க்கியாவையே சுட்டுகின்றன (ஆர்க்கியா என்பவை பாக்டீரியாவைப் போல உட்கரு இல்லாத, ஆனால் தனி வகையான ஒரு செல் உயிரிகள்). ஆர்க்டிக் கடலடிப் படிவுகளிலிருந்து 2015இல் அறியப்பட்ட இக்குழுவின் மரபணுத் தொகுதியில், நம் ஆக்டினுக்கு மிக நெருங்கிய ஒரு புரதத்துக்கான மரபணு இருந்தது. ஆக்டின் இழையாவதை நெறிப்படுத்தும் புரொஃபிலினும் அவற்றிடம் உண்டு. அது முயலின் ஆக்டினோடும் இணைந்து செயல்படுவது 2018இல் காட்டப்பட்டது. மரபணு மட்டுமே இருந்தால் இழை இருந்தாக வேண்டுமென்பதில்லை என்ற நியாயமான ஐயமும் 2023இல் தீர்ந்தது: ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட ஓர் ஆஸ்கார்ட் ஆர்க்கியாவின் செல்லுடலிலும் அதிலிருந்து நீளும் மெல்லிய கிளைகளிலும் ஆக்டின் இழைகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரடியாகப் படம் பிடிக்கப்பட்டன.