குனோங் தாஹானுக்குப் புக்கித் தீமா பயிற்சி போதுமா?

கேள்வி: எனக்கு வயது 52. வாரந்தோறும் புக்கித் தீமா குன்றில் ஏறுகிறேன். தோழியருடன் குனோங் தாஹான் செல்ல விரும்புகிறேன். இந்தப் பயிற்சி போதுமா? - வாசகி, ஈசூன்

பதில்: வயது தடையன்று, ஆனால் இந்தப் பயிற்சி மட்டும் போதாது. புக்கித் தீமாவின் உயரம் ஏறத்தாழ 164 மீட்டர். தாஹானோ 2,187 மீட்டர் உயர்ந்து, தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான சிகரமாக நிற்கிறது. உயரத்தைக் காட்டிலும் அதன் தொலைவே உங்களைச் சோதிக்கும். தமான் நெகாரா காட்டின் உள்ளே அமைந்திருப்பதால், மெராப்போ என்ற ஊரின் வழியாகச் சென்று திரும்பவே மூன்று, நான்கு நாள்கள் ஆகும். கோலா தாஹான் என்ற ஊரிலிருந்து செல்லும் வழியோ ஒரு வாரம் வரை நீளும், ஆற்றையும் பலமுறை கடக்க வேண்டும். முதன்முறை செல்வோர் மெராப்போ வழியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம் உடன் வரவேண்டும்.

பத்து கிலோ அரிசி மூட்டையை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு, உங்கள் புளோக்கின் படிக்கட்டுகளில் மெதுவாக ஏறுங்கள். மின்தூக்கியைத் தவிர்த்து, படிகளிலேயே இறங்கியும் வாருங்கள், ஏனெனில் முழங்கால் வலிப்பது பெரும்பாலும் இறக்கத்தில்தான். இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் காலணியின் கயிற்றுத் துளை வழியாகக்கூட நுழைந்துவிடும் என்பதால், நெருக்கமாக நெய்த நீண்ட காலுறை தேவை. மேலே மரங்கள் குட்டையாகிக் காற்று நேராக வீசும் வெளியில் இரவு நன்றாகவே குளிரும். நம் ஊர் வெப்பத்துக்குப் பழகியவர்கள் கம்பளி ஆடையை மறந்துவிடக் கூடாது. நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.