ஸ்கோரைப் பார்த்து நகரும் காய்கள்

கேள்வி: நானும் நண்பரும் சனிக்கிழமைகளில் முதலில் 5 புள்ளி எடுப்பவர் வெல்லும் பந்தயமாக, பகடை உருட்டிக் காய்களை நகர்த்தும் பேக்கேமன் ஆடுகிறோம். 3–3 என்றிருந்தபோது, என் உள்பலகைக்கு (என் காய்கள் கடைசியாகச் சேரும் ஆறு வீடுகளுக்கு) வந்த அவருடைய காயை, துணையின்றி நிற்பதால் தானும் வெட்டுப்படக்கூடிய தனிக்காயால் வெட்டினேன். நல்ல ஆட்டம் என்றார். இந்த வாரம் நான் 4–3 என முன்னிலையில் இருந்தபோது அதையே செய்தேன். அவர் திருப்பி வெட்டி, கேமன் (2 புள்ளி வெற்றி) அடித்து, பந்தயத்தையே வென்றுவிட்டார். இந்த ஸ்கோரில் அது தவறு என்கிறார். ஸ்கோருக்கும் காய் நகர்த்துவதற்கும் என்ன தொடர்பு?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: முழுப் பலகையையும் பார்க்காமல் அது தவறு என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால், உங்கள் நண்பரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஒரு காயைக்கூடப் பலகையிலிருந்து வெளியேற்றாமல் தோற்பவர் 2 புள்ளிகளை இழப்பதுதான் கேமன். 4–3 இல் உங்களுக்கு வேண்டியது ஒரே புள்ளி என்பதால், நீங்கள் கேமன் அடித்தாலும் சாதாரணமாக வென்றாலும் பலன் ஒன்றே. நண்பரோ சாதாரணமாக வென்றால் 4–4 ஆகும். இருவரும் சம திறமையுள்ளவர்கள் என்றால், அவருடைய வாய்ப்பு 50 சதவீதம். கேமன் அடித்தால் அது 100 சதவீதம். அதாவது, தாக்கி ஆடுவதில் கிடைக்கும் கூடுதல் லாபம் உங்களுக்கு இல்லை. அதன் அபாயம் மட்டும் முழுமையாக உங்களுடையது. ஒருவர் வெற்றிக்கு ஒரு புள்ளி தூரத்தை எட்டியதும் வரும் ஆட்டத்துக்கான கிராஃபோர்டு விதியின்படி, இந்த ஒரு ஆட்டத்தில் டபுளிங் கியூபை (ஆட்டத்தின் புள்ளியை இரட்டிக்கப் பயன்படும் கட்டையை) தொட முடியாது என்பதால், நிலைமை மோசமானால் நண்பர் இரட்டிக்க, நீங்கள் ஒரு புள்ளியோடு விலகிக்கொள்ளும் வழியும் அடைபட்டிருக்கிறது. ஆகவே, இங்கே முதல் வேலை, அவருடைய உள்பலகையில், முடிந்தால் அவருடைய 5ஆம் வீட்டில், இரண்டு காய்களைச் சேர்த்து ஒரு வீடு கட்டிக்கொள்வது. வெட்டுப்பட்ட காய் அவருடைய உள்பலகை வழியாகத் திரும்பி நுழைய அந்த இடம் நிலையாக இருக்கும்.

இதே ஆட்டத்தில் நண்பர் துணிந்து தாக்க வேண்டும். தொடக்கத்தில் பகடையில் 6-4 விழுந்தால் பின்காயை (எதிராளியின் உள்பலகையில் நிற்கும் காயை) 10 வீடுகள் ஓட்டுவது வழக்கமான ஆட்டங்களில் நல்ல தேர்வுகளுள் ஒன்று. இந்த ஸ்கோரில் அவர் 8ஆம், 6ஆம் வீடுகளிலிருந்து ஒவ்வொரு காயை இறக்கி 2ஆம் வீட்டைக் கட்டுவதே சிறந்தது. அது தாக்குதலுக்கு உதவும் வீடு.

4–4 ஆகிவிட்டால் கணக்கு மீண்டும் மாறுகிறது. கேமனுக்கு இருவருக்குமே மதிப்பில்லை. வெற்றி வாய்ப்பைக் கூட்டுமானால், எத்தனை காய்கள் பின்தங்கினாலும் தயங்க வேண்டியதில்லை.

ஆனால், இதை எல்லா நகர்த்தலிலும் திணிக்க வேண்டாம். பெரும்பாலான நிலைகளில் சிறந்த ஆட்டம் எந்த ஸ்கோரிலும் ஒன்றுதான். இரண்டு நகர்த்தல்கள் ஏறத்தாழ சமமாகத் தோன்றும்போதுதான் ஸ்கோர் தராசைச் சாய்க்கிறது. வெட்டுவதால் உங்கள் வெற்றி வாய்ப்பு கணிசமாகக் கூடுமென்றால், 4–3 இலும் வெட்டத்தான் வேண்டும்.