டாக்டர் பதில்கள்: பெரிய ஆஸ்பத்திரி இருக்க, தெருமுனை டாக்டர் எதற்கு?

கேள்வி: கொரோனா சமயத்தில் எங்கள் ஊர் டாக்டர் கிளினிக்கைச் சாத்திவிட்டுப் போனில்தான் பேசினார். வைத்தியம் பார்த்ததெல்லாம் பெருந்துறை, கோவை பெரிய ஆஸ்பத்திரிகள்தான். இன்னொரு கொள்ளைநோய் வந்தால் இவர்களால் என்ன பிரயோஜனம்?
– வாசகி, காங்கயம்

பதில்: கோபம் நியாயம்தானுங்கம்மா. ஆனால் போனில் பேசியதை அவ்வளவு லேசாக எண்ணிவிடாதீர்கள். காய்ச்சல்காரர், சுகர்காரர், கர்ப்பிணி எல்லாரும் ஒரே பெஞ்சில் நெருங்கி உட்காரும் இடம் எங்கள் கிளினிக். அதைத் திறந்து வைத்திருந்தால் நாங்களே நோயைப் பரப்பியிருப்போம். போனில் வைத்தியம் பார்க்க 2020 மார்ச் கடைசியில் மத்திய அரசே விதிமுறை வெளியிட்டது.

2021 மே கடைசியில் கோவை மாவட்டத்தின் தினசரித் தொற்று சென்னையையே தாண்டியது. படுக்கைக்கு அலைந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரியே தேவைப்படவில்லை. யார் வீட்டில் இருக்கலாம், யார் இன்றைக்கே கிளம்ப வேண்டும் என்று பிரிப்பதுதான் எங்கள் வேலை.

தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் ஒரு பெரியவர். காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம். "எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கறனுங்க" என்றார். வழக்கமாக மழை, தேங்காய் விலை, மருமகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுகிறவர், அன்று நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்றார். வருஷக்கணக்கில் அவர் பேச்சைக் கேட்டவனுக்குத்தான் அது உறைக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை அவர் விரலில் மாட்டும்படி மகனிடம் சொன்னேன், 95. அதை நம்பித் தூங்கப் போயிருக்கலாம். வாசலில் ஆறு நிமிஷம் நடக்கவிட்டுப் பார்க்கச் சொன்னேன், 89-க்கு இறங்கிவிட்டது. அன்றிரவே பெருந்துறைக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டார், இப்போதும் தேங்காய் விலைதான் பேசுகிறார்.

இன்னொரு வேலை, வேண்டாத மருந்தைத் தடுப்பது. வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு சீட்டைக் காட்டி, காய்ச்சல் வந்த முதல் நாளே ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியவர்கள் ஏராளம். ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது என்று 2020 ஜூனிலேயே பிரிட்டனின் பெரிய ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்றும் அதே ஆய்வுதான் சொன்னது. இந்தப் பாதியை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை! ஸ்டீராய்டு சுகரை ஏற்றிவிடும். கொரோனாவை ஒட்டி வந்த கறுப்புப் பூஞ்சை நோய்க்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் சுகர்காரர்களே.

கொரோனா வந்ததென்று பிபியும் காசநோயும் லீவு போட்டுவிடவில்லை. குழந்தைகளின் தடுப்பூசித் தேதியும் தள்ளி நிற்காது. இவற்றைப் பெரிய ஆஸ்பத்திரி கவனிக்க முடியாத நாட்களில் கவனித்தது ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம நர்சுகளும்தான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, உங்கள் டாக்டர் போனையே எடுக்கவில்லை என்றால் அது வேறு விஷயம். டாக்டரை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அப்போது வாங்கிய ஆக்சிமீட்டரை என்ன செய்வது?
– வாசகர், வெள்ளகோவில்

பதில்: வீட்டில் ஆஸ்துமா, நுரையீரல் தொந்தரவு உள்ளவர் இருந்தால் வைத்திருங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்து கெட்டுவிடும். மருதாணி, நகப்பூச்சு இருக்கும் விரலிலும், சில்லிட்ட கையிலும் கணக்கு தப்பும்.