எந்த இருபது?

போன இதழில் மெயின்பிரேம் (வங்கி போன்ற பெரிய நிறுவனங்களின் பெருங்கணினி) பற்றி நான் எழுதிய சிறு குறிப்புக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வெளிநாட்டில் ஒரு வங்கியின் தரவு மையத்தில் 18 வருடம் இந்த வேலையைத்தான் பார்த்தேன். ஊருக்கு, முள்ளியவளைக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றித் தமிழில் பேச ஆள் கிடைப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். நான்கு கடிதங்களுக்கு இம்முறை பதில்.

அக்கா, நான் அறிவியல் நகரில் பொறியியல் படித்துவிட்டுக் கொழும்பில் வேலை செய்கிறேன். சாதாரண சர்வர்களை டிஸ்க்குகளோடு இணைக்கும் ஸ்டோரேஜ் சுவிட்ச் வேலை நன்றாகத் தெரியும். இப்போது மெயின்பிரேமுக்கு இரண்டு புதுச் சுவிட்சுகளை அமைக்கச் சொல்கிறார்கள். அதே பைபர் சேனல் சுவிட்ச்தானே, எங்கே தொடங்குவது?
– பரந்தன் வாசகர்

தம்பி, பெட்டி ஒன்றுதான், கேபிளும் ஒன்றுதான். ஐபிஎம் 1998இல் எஸ்கான் என்ற தன் பழைய இணைப்பு முறைக்குப் பதிலாகக் கொண்டுவந்த பைகான், பைபர் சேனல் என்ற பொதுவான டிஸ்க் இணைப்பு முறையின் மேலேதான் ஓடுகிறது. ஆனால் பழக்கவழக்கம் முற்றிலும் வேறு.

சாதாரண சர்வர் சுவிட்சில் ஏறியதும், "இங்கே யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். மெயின்பிரேம் அப்படித் தேடி அலையாது. எந்தச் சேனல் (மெயின்பிரேமிலிருந்து வெளியே போகும் இணைப்பு) எந்தச் சுவிட்ச் வழியாகப் போய், எந்தப் போர்ட்டில் இருக்கிற டிஸ்க்கைப் பிடிக்க வேண்டும் என்பதை எச்சிடி என்ற அமைப்புக் கருவியில் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். சுவிட்ச் அந்த எழுத்துக்கு ஒத்து நிற்க வேண்டும். ஆகவே சுவிட்சைப் பெட்டியிலிருந்து எடுக்க முதல், எச்சிடி எழுதுகிறவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். இரண்டு சுவிட்சுக்கும் டொமைன் இலக்கம் (சுவிட்சின் அடையாள எண்) என்ன, எந்தப் போர்ட் யாருக்கு என்று ஒரே தாளில் இருவரும் எழுதுங்கள்.

அந்தத் தாளில் ஒவ்வோர் இலக்கமும் ஹெக்ஸா (16 அடிமான எண்), இல்லை டெசிமலா (வழக்கமான 10 அடிமான எண்) என்று பக்கத்திலேயே குறியுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் மையத்தில் ஒரு சனி இரவு, புதுச் சுவிட்சுக்கு டொமைன் 20 என்று கொடுத்தேன். எச்சிடியிலும் 20தான். ஆனால் நான் கொடுத்தது டெசிமல் 20, அவர்கள் எழுதியது ஹெக்ஸ் 20. என்னுடைய 20 ஹெக்ஸில் 14. அவர்களுடைய 20 டெசிமலில் 32. போர்ட்டுகளில் பச்சை விளக்கு அழகாக எரிகிறது, கேபிளில் ஒளி இருக்கிறது, ஒரு டிஸ்க் கூட வரவில்லை. விடிய மூன்று மணிக்கு ஒருவர் கன்சோலில் 'டி எம்=டெவ்' கட்டளையைக் கொடுத்தார். போக வேண்டிய இணைப்பு முகவரி 2004 என்று திரையில் நின்றது, அதற்குக் கீழே பாதை இயங்குகிறதா என்ற வரியில் 'இல்லை' என்று ஒரு 'என்'. அந்த 2004ஐப் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. முதல் இரண்டு எழுத்து டொமைன், அடுத்த இரண்டும் போர்ட், நான்குமே ஹெக்ஸ்.

அந்த முகவரியை ஒரு பைட்டாக, அதாவது இரண்டு எழுத்தில், போர்ட்டை மட்டும் கொடுத்தும் எழுதலாம். ஒரே சுவிட்ச் என்றால் அது போதும். ஆனால் நாளைக்கு இரண்டு சுவிட்சைத் தொடுத்தால் இரண்டு பைட் கட்டாயம். அதனால் இன்றைக்கே இரண்டு பைட்டாக எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் மெயின்பிரேம் சுவிட்சில் நுழையும்போதே ஒரு பாதுகாப்புக் கேள்வி கேட்கும்: உன் டொமைன் இலக்கம் மாறாமல் பூட்டப்பட்டிருக்கிறதா? அனுமதி இல்லாத சுவிட்ச் உன்னோடு சேர முடியாதபடி பட்டியல் போட்டிருக்கிறாயா? இரண்டுக்கும் 'ஓம்' என்ற பதில் வராவிட்டால் சேனல் மேலே வராது. சாதாரண சுவிட்ச் வேலையில் டொமைன் இலக்கத்தைச் சுவிட்சுகளே பேசித் தீர்த்துக்கொள்ள விடுவோம், இங்கே அதற்கு இடமில்லை.

இன்னொன்று, சியூபியை இயக்கிவிடுங்கள். சுவிட்சுக்குள்ளேயே இருக்கிற ஒரு போர்ட் அது, முகவரி எஃப்-ஈ, டெசிமலில் 254. எச்சிடியில் அதை 2032 வகைச் சாதனமாக எழுத வேண்டும். அதன் பிறகு மெயின்பிரேம் அந்தச் சுவிட்சையும் தன் சாதனங்களில் ஒன்றாகப் பார்க்கும். அதன் பயன் அடுத்த பதிலில் வருகிறது.

எங்கள் இரண்டு மையங்களுக்கும் இடையே 30 கிலோமீற்றர் பைபர். இணைப்பு 16 ஜிகாபிட், ஆனால் பாதி வேகம் கூட வருவதில்லை. கம்பனிக்காரர் கேபிளில் பிழை இல்லை என்கிறார். எங்கே பார்ப்பது?
– வவுனியா வாசகி

பஃபர் கிரெடிட்டைப் பாருங்கள். இப்படி நினையுங்கள்: வயலில் வெட்டு மெசின் நெல்லைக் கொட்டுகிறது, உழவு இயந்திரப் பெட்டிகள் அதை ஏற்றிப் போய்க் களத்தில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகின்றன. களம் பக்கத்தில் என்றால் இரண்டு பெட்டி போதும். களம் தூரத்தில் என்றால் ஆறேழு வேண்டும், இல்லாவிட்டால் மெசின் நின்று காத்திருக்கும். பாதை நல்ல பாதைதான், பெட்டிதான் போதாது. கிரெடிட் என்பது அந்தப் பெட்டிகளின் எண்ணிக்கை. ஒரு சட்டகத்தை (தரவுப் பொதியை) அனுப்பினால் ஒரு கிரெடிட் குறையும், மறுபக்கம் இறக்கி முடித்ததும் அது திரும்பி வரும். பைபரில் ஒளிக்கு ஒரு கிலோமீற்றர் போக 5 மைக்ரோ வினாடி, திரும்பி வர இன்னொரு 5.

கணக்குச் சுலபம். ஜிகாபிட் வேகத்தில் பாதியைக் கிலோமீற்றரால் பெருக்குங்கள். உங்களுக்கு 8 தடவை 30, அதாவது 240. ஆனால் இது ஒவ்வொரு சட்டகமும் 2 கிலோபைட் அளவுக்கு முழுதாக நிறைந்து போகும்போதுதான் பொருந்தும். பைகான் சட்டகங்கள் பெரும்பாலும் அவ்வளவு நிறைவதில்லை. சராசரி பாதிதான் என்றால் 480 தேவை. பெட்டி பாதி நிறைந்து ஓடினால் இரட்டிப்புப் பெட்டி வேண்டும் அல்லவா, அதேதான். பலர் 240ஐப் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள்.

ஊகிக்க வேண்டாம், பார்க்கலாம். சியூபி இயங்கினால் மெயின்பிரேமின் ஆர்எம்எஃப் என்ற செயல்திறன் அறிக்கையில் சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'ஆவரேஜ் ஃபிரேம் பேசிங்' என்று ஒரு நிரல் வரும். கிரெடிட் இல்லாமல் சட்டகங்கள் சராசரியாக எவ்வளவு நேரம் காத்து நின்றன என்பதைச் சொல்வது அது. இரண்டு மையத்தையும் இணைக்கும் போர்ட்டுகளில் அது பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கிரெடிட்டைக் கூட்டுங்கள், கேபிள்காரரை விட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்த இரண்டு மையங்களுக்கும் நடுவே பல இணைப்புகள் இருந்தால் சுமையைப் பங்கிடும் முறையையும் கவனியுங்கள். பழைய மெயின்பிரேம் என்றால் போர்ட் அடிப்படை, அதாவது ஒரு போர்ட்டுக்கு ஒரே பாதை. பரிமாற்றத்துக்குப் பரிமாற்றம் பாதையை மாற்றும் முறை 2015இல் வந்த இசட்13 மெயின்பிரேம் முதல்தான் ஏற்கப்படுகிறது, டிஸ்க்கும் அதற்கு உடன்பட வேண்டும்.

ஏ9 வீதியோரம் இண்டர்நெட் பைபர் இழுத்து ஒட்டுகிற வேலை எனக்கு. தரவு மையத்தில் இந்தக் கைவேலைக்கு இடம் இருக்கிறதா?
– மாங்குளம் வாசகர்

நிச்சயமாக இருக்கிறது, தம்பி. மெயின்பிரேம் மையங்களில் தூர இணைப்புக்குப் போடும் மஞ்சள் கேபிள் நீங்கள் ஒட்டுகிற அதே ஒற்றைப்பாதை பைபர்தான். ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரான், தலைமயிரின் தடிப்பில் சிறு பங்கு. எங்கள் செம்மண் புழுதியில் ஒரு துணிக்கை அந்த முனையில் ஒட்டினாலே ஒளி குன்றும். இணைப்பு விழாது, பிழைகள் மட்டும் சொட்டுச் சொட்டாக வரும். அதைத் தேடி நாள் கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். செருகும் ஒவ்வொரு தடவையும் இரண்டு முனையையும் துடைத்து, நுண்காட்டியில் பார்த்துவிட்டுச் செருகுகிற கை உங்களுடையது என்றால் எந்த மையமும் உங்களைத் தேடும். ஒன்றில் மட்டும் கவனம்: வீட்டு இணைப்பில் நீங்கள் போடுகிற பச்சை முனை சாய்வாகத் தேய்த்தது, தரவு மையத்தின் நீல முனை நேராகத் தேய்த்தது. இரண்டையும் ஒருபோதும் முட்ட விடாதீர்கள்.

முல்லைத்தீவில் இருந்துகொண்டு மெயின்பிரேம் எப்படிப் பழகுவது? இயந்திரத்தைக் கண்ணால் கூடக் கண்டதில்லை.
– ஒரு மாணவி

மெயின்பிரேம் போல நடிக்கும் ஹெர்குலிஸ் என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் போட்டு, அதற்குள் எம்விஎஸ் 3.8ஜே என்ற பழைய மெயின்பிரேம் இயங்குதளத்தை ஓட விடலாம். ஐபிஎம்மின் 'இசட் எக்ஸ்ப்ளோர்' பயிற்சியும் இலவசம், உண்மையான இயந்திரத்திலேயே கை வைக்கலாம். சுவிட்ச் வேலை இரண்டிலும் வராது. அதைத் தாளில் பழகுங்கள். இரண்டு சுவிட்ச், நான்கு சேனல், இரண்டு டிஸ்க் பெட்டி வரைந்து, ஒவ்வொரு பாதைக்கும் நான்கெழுத்து முகவரியை ஹெக்ஸில் எழுதுங்கள். வரைந்ததை எனக்கு அனுப்புங்கள் பிள்ளை, திருத்தி அனுப்புகிறேன்.