மாமனார் வீட்டில் வளரும் பிள்ளைகள்: அப்பா கேட்டால் கிடைப்பார்களா?

கேள்வி: மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு அப்போது இரவு ஷிஃப்ட் என்பதால் மகளையும் மகனையும் மாமனார் வீட்டில் விட்டேன். மகளுக்கு இப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. நான் பகல் வேலைக்கு மாறிவிட்டேன், ஆனால் பிள்ளைகளை அனுப்ப மறுக்கிறார்கள். நாங்கள் இந்துக்கள். சட்டம் என் பக்கம்தானே?

பதில்: உங்கள் பக்கம்தான், ஆனால் பாதிதான். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டப்படி தந்தையே இயற்கைக் காப்பாளர். அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவோ, பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. தாத்தா பாட்டிக்கு உங்களைப் போன்ற உரிமை இல்லை. பிள்ளைகள் அங்கே வேரூன்றிவிட்டார்கள் என்பதே அவர்களுடைய பலம்.

1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், 25-ஆவது பிரிவில் மனு போடுங்கள். பிள்ளைகள் வழக்கமாக வசிக்கும் ஊரின் குடும்ப நல நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். தன் ஊரில் போட்டுவிட்டு, எந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்ற எல்லைப் பிரச்சினையில் மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு.

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (சட்டவிரோதமாக வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) போட்டால் சீக்கிரம் முடியும் என்று யாராவது சொல்வார்கள். மனைவி புற்றுநோயில் இறந்தபின் அவருடைய சகோதரிகளிடம் இருந்த குழந்தை, 2019-இல் அந்த வழியில்தான் தந்தையிடம் வந்தது. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் 2024-இல், தாய்வழி உறவினர்களிடம் வளர்ந்த ஒரு குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை அதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குழந்தை இடம் மாற்றி வைக்கும் பொருள் அல்ல என்றது. இரண்டு வருடப் பிரிவுக்குப் பிறகு நான் அந்தக் குறுக்குவழியை நம்ப மாட்டேன்.

நீதிபதி உங்கள் மகளைத் தனியே அழைத்துப் பேசலாம். "அப்பா கடைசியா எப்ப வந்தாரு?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? என்னிடம் வரும் அப்பாக்களிடம் மகளின் வகுப்பு டீச்சர் பெயரைக் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள். ஆகவே பள்ளிக் கட்டணம் அனுப்பிய ரசீது, போன் அழைப்புகள், புது ஷிஃப்டுக்கான ஆபீஸ் கடிதம், நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார் என்ற விவரம், எல்லாம் மனுவோடு போகட்டும்.

கூடவே, வழக்கு முடியும்வரை பிள்ளைகளை வாரம் ஒருமுறை பார்க்க அனுமதி கேட்டு இடைக்கால மனுவும் போடுங்கள். பள்ளி வாசலிலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போகும் வேலை மட்டும் வேண்டாம். வழக்கு அங்கேயே கெட்டுவிடும். அப்புறம், முதல் சந்திப்பில் பாட்டியைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லாதீர்கள். அன்று சாயங்காலமே அது அந்த வீட்டுக்குப் போய்விடும்.