சாரலில் பார்த்த ஊர்

அன்புள்ள அக்கா,

சென்னை தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். அடுத்த வருஷம் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு. வீட்டுக்காரருக்கு வீசிங் உண்டு. போன ஜூலையில் நாலு நாள் தென்காசி போயிருந்தோம். நாலு நாளும் அவர் இன்ஹேலரைத் தொடவில்லை. காலையில் மலையைப் பார்த்தபடி நடந்தோம், அருவியில் குளித்தோம், ஃபேன் போடாமல் தூங்கினோம். எழும்பூரில் இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. இங்கே இருப்பதை விற்றுவிட்டு அங்கே சின்னதாக ஒரு வீடு வாங்கிவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் தென்காசி பக்கத்து இலஞ்சியில் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு வடசென்னைக் காலடிப்பேட்டைக்கே திரும்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஏன் திரும்பினீர்கள்?

ம., தண்டையார்பேட்டை

அன்புள்ள ம.,

நீங்கள் போனது ஜூலையில். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவில் மலை கொஞ்சம் தாழ்ந்து வழி விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்துக்குள் புகுந்து வருவதால்தான் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசிக்குச் சாரல். கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் தாண்டினால் மழை இல்லை, காற்று மட்டும்தான். அங்கே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். மலையைத் தாண்டிய மேற்குக் காற்று நம் சென்னைப் பக்கம் வரும்போது ஈரமெல்லாம் தீர்ந்து அனலாகத்தான் வருகிறது. மத்தியானமே கரையேற வேண்டிய கடல்காற்றை அது சாயங்காலம் வரை உள்ளே விடாமல் மறித்து நிற்கும். ஆனி மாதம் மூன்று மணிக்கு மொட்டை மாடியில் வடாம் எடுக்கப் போனவர்களுக்கு இது தெரியும். ஆக, அங்கே சாரலைக் கொண்டுவருவதும் இங்கே நம்மை வேகவைப்பதும் ஒரே காற்றுதான். அந்த ஊரின் நல்ல மாதத்தையும் நம் ஊரின் மோசமான மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். நானும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் மூட்டை கட்டினேன்.

ஏப்ரலில் போய்ப் பாருங்கள். இலஞ்சி வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சூடு இருக்கும். குற்றாலம் மெயின் அருவியில் பாறை மேல் ஈரக் கறை தெரியும், அதன் நடுவில் நூல் மாதிரி தண்ணீர். குண்டாறு அணைக்கு மொத்த உயரமே 36 அடி. சாரல் பிடித்தால் மாவட்டத்தில் முதலில் நிரம்புவது அதுதான் என்று பேப்பரில் படம் வரும். கோடையில் யாரும் படம் எடுப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. அப்போது தண்ணீர் நிறைய இருக்கும், குளிக்கத் தடையும் இருக்கும். தடை விளையாட்டில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பையனை அடித்துக்கொண்டு போய்விட்டது.

சாரல் மாதத்திலேயே ஒன்று சொல்ல வேண்டும். லாட்ஜில் நாலு நாள் இருப்பவர்களுக்கு இது தெரியாது. வீட்டில் துணி காயாது. பீரோவுக்குப் பின்னால் சுவரில் பூஞ்சை பூக்கும். வீசிங் இருக்கிற சிலருக்கு அந்தப் பூஞ்சையே ஆகாது. நெஞ்சு டாக்டரிடம் கேட்காமல் பத்திரப்பதிவு அலுவலகம் பக்கம் போகாதீர்கள்.

நடை விஷயம். மலை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் நினைத்தபோது ஏற முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் அத்தனை பேர் காட்டுத்தீயில் இறந்த பிறகு கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. 2024 அக்டோபரில் அரசாங்கமே 40 மலைப்பாதைகளைத் திறந்தது. டிக்கெட் வாங்கி, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். தினசரி நடைக்கு மிச்சமிருப்பது ரோடு. அந்த ரோட்டில் கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் டிப்பர் லாரி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பழகிய உடம்பு, அங்கேயும் ஒதுங்கினேன்.

அதனால் தெருவுக்குள்ளேயே நடந்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி மடியில் சுளகை வைத்துக்கொண்டு, தகரத் துண்டை அளவு வைத்து பீடி இலையை வெட்டிக்கொண்டிருப்பார். கத்தரி நிற்காது, தலை மட்டும் நிமிரும்.

“எங்கம்மா போறிய?”

“எங்கேயும் இல்ல ஆச்சி, சும்மா நடக்கறேன்.”

“சும்மாவா நடக்கிய?”

மூன்றாவது ரவுண்டில் திண்ணைக்கு இன்னும் ரெண்டு பேர் வந்துவிட்டார்கள். குற்றம் சொல்லவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பு ஒடிந்து பீடி சுற்றுகிறவர்களுக்கு, ஒரு பொம்பளை காரியமில்லாமல் நாலு தடவை தெருவை அளப்பது வேடிக்கைதானே.

நான் திரும்பியது வெயிலுக்கும் இல்லை, ஆச்சிக்கும் இல்லை. அம்மா குளியலறையில் விழுந்தார். தொடை எலும்பு. உள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் இருக்கிறது. அறுபதைத் தொடப்போகிறவர்கள் வீடு பார்க்கும்போது அருவி எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறோம்.

அதற்காக நம் ஊரைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்தது. அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனம் நடுராத்திரியில் ஓடியது. உங்கள் வீட்டுக்காரரின் இருமல் பொய்யில்லை. நடக்க நமக்குக் கடற்கரையாவது மிச்சமா? 1875-இல் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அந்தச் சுவர் தடுத்தது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே நம் கரை அரித்துப்போய்க் கல் கொட்டிக் கிடக்கிறது. மெரினாவில் அவர்கள் நடப்பது நம் மணலில்தான் என்று நான் எப்போதும் சண்டை போடுவேன். மைதானம் இல்லாத சந்துகளில் பிள்ளைகள் கேரம் போர்டைப் போட்டுக்கொண்டார்கள். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-இல் உலக சாம்பியன் ஆகிவிட்டாள். பெருமைதான். ஆனால் அதைச் சொல்லி மைதானம் தராமல் இருந்துவிடுவார்களோ என்றும் பயம்.

விற்காதீர்கள். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பங்குனியில் போய்க் கார்த்திகை வரை அங்கே வாடகைக்கு இருங்கள். வெயில், சாரல், அடைமழை மூன்றையும் அவர் மூச்சு பார்த்துவிடும். இன்ஹேலர் எத்தனை தடவை என்று காலண்டரில் குறித்து வையுங்கள். வீடு ஊருக்குள்ளேயே, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கட்டும். தோப்பு ஓரம் வேண்டாம், வடகரைப் பக்கம் யானை வரும்.

காலையில் நடக்கும்போது யாராவது “சும்மாவா நடக்கிய?” என்று கேட்டால், டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு அது ஆறு மாதம் கழித்துத்தான் தோன்றியது. அதற்குப் பிறகு ஆச்சி கேட்கவே இல்லை, சுக்குக் காப்பிதான் கொடுத்தார்.